இரு குரலும் ஒரு தாளமும்

கல்லூரி மலருக்குக் கட்டுரை வரைவோர் தாம் கற்ற காலத்து ஆசிரியர்களையும், விடுதிச்சாலை உணவையும், கிரிக்கெற் போட்டிகளையும் நினைவுகூர்தல் பெருவழக்கு. அவ்வழக்கு நன்று. அவற்றை என்னிலும் திறம்பட எழுதவல்லார் பலர் இம்மலரை அணிசெய்திருப்பர். மலர்க்குழுவினர் என்னிடம் வேண்டியது வேறொன்று. பிறநாட்டில் வாழ்ந்த காலத்தில் எனக்கு உறுதுணையாய் நின்ற ஒன்றைப் பற்றி எழுதித் தருமாறு பணித்தனர். எண்ணிப் பார்த்தபோது நூல்கள் சில, நண்பர் சிலர், இவற்றோடு ஓர் இசைத்தட்டும் முன்வந்து நின்றது. அஃது ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனில் தோன்றிய ஃபுகாஸி என்னும் குழுவினர் 1990 ஆம் ஆண்டு வெளியிட்ட 'றிப்பீற்றர்' என்பது. அவர்தம் முதலாவது முழுநீள இசைத்தொகுப்பு அதுவே.

இதனைப் படிக்கும் முதியோர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். காலையில் தேவாரத்துடன் தொடங்கும் ஒரு கல்லூரியின் மலரில் மேனாட்டார் கூச்சலுக்கு என்ன இடம் என வினவுவர். வினா நியாயமானதே. கட்டுரை முடியுமுன் அதற்கு விடை கூற முயல்வேன்.

முதற்கண் இவ்விசையின் பிறப்பினைச் சிறிது கூறுதல் வேண்டும். 1980 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் வாஷிங்டன் நகரத்து இளைஞர் சிலர் ஹாட்கோர் பங்க் எனப்படும் ஒருவகை இசையை வளர்த்தனர். பாட்டு ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம். வேகம் மூச்சு முட்டும் வேகம். பாடுவோன் பாடுவதில்லை, முழங்குவான். அவ்விளைஞருள் தலையாயவர் இயன் மக்காய் என்பவர். அவர் தம் நண்பர் ஜெஃப் நெல்சனுடன் கூடி 1980 இல் டிஸ்கோட் என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் முன்னின்று பாடிய மைனர் திறெற் என்னும் குழு 1981 இல் வெளியிட்ட ஒரு பாடல், மதுவும் போதைப்பொருளும் எனக்கு வேண்டா என்னுங் கருத்தினைக் கூறிற்று. அப்பாடலின் பெயரே பின்னர் பல நாடுகளில் ஓர் இளைஞர் ஒழுக்க நெறியின் பெயராயிற்று. கூச்சலிடுவோர் எல்லாம் கட்டற்றோர் என எண்ணுவார் இச்செய்தியைக் கருத்திற் கொள்வாராக.

அந்த வேக இசை சில ஆண்டுகளில் தன்னையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கியபோது, அதனைப் படைத்தவர்களுட் சிலரே அதற்கு அப்பாற் செல்ல விரும்பினர். வேகத்தைத் தணித்து, இடைவெளிகளை விட்டு, மௌனத்திற்கும் ஓரிடம் அளித்து, ஆயினும் பழைய சினத்தைக் கைவிடாது அவர்கள் அமைத்த இசையையே போஸ்ற் ஹாட்கோர் என்பர். ஹாட்கோருக்குப் பின்னையது என்பது சொற்பொருள்.

ஃபுகாஸி குழு 1987 செப்தெம்பரில் முதன்முறை மேடையேறிற்று. அப்போது மூவரே இருந்தனர்: கிற்றாரும் குரலுமாக மக்காய், அடித்தந்திக் கிற்றார் வாசித்த ஜோ லாலி, மேளம் அடித்த பிரெண்டன் கன்ரி. சிறிது காலத்திற்குள் நான்காமவராகக் கீ பிச்சியோற்றோ வந்து சேர்ந்தார். அவர் றைற்ஸ் ஒவ் ஸ்பிறிங் என்னும் குழுவில் பாடிப் புகழ்பெற்றவர். ஆனால் இங்கே அவருக்குத் தொடக்கத்தில் கிற்றாரும் இல்லை, தலைமைப் பாட்டும் இல்லை. இரண்டாவது குரலாகவே நின்றார். ஹிப்ஹொப் இசையில் பப்ளிக் எனிமி என்னும் குழுவில் சக் டீ கம்பீரமாகச் சொல்ல, ஃபிளேவர் ஃபிளேவ் அருகில் நின்று குறுக்கிட்டும் கேலிசெய்தும் அச்சொல்லை வேறொரு பக்கமாகத் திருப்புவார். அத்தகைய எதிர்க்குரலை றொக் இசையிலும் அமைக்கலாம் என்பது பிச்சியோற்றோவின் எண்ணம். அண்ணாவியார் பாட்டையும் அதனை வாங்கிப் பாடும் பிற்பாட்டையும் கேட்டு வளர்ந்த எமக்கு இவ்வமைப்பு விளங்காததன்று.

'றிப்பீற்றர்' வெளிவந்த காலத்தில் பிற்பாட்டு என்னும் நிலை மாறிவிட்டது. பிச்சியோற்றோ கையில் கிற்றார் ஏறிற்று. பாடல்களும் இருவருக்கும் ஏறக்குறையச் சரிபாதியாயின. வாஷிங்டனுக்கு அணித்தாய ஆர்லிங்டன் நகரிலிருந்த இன்னர் இயர் என்னும் ஒலிப்பதிவு நிலையத்தில் 1989 ஆம் ஆண்டுக் கோடையில் இது பதிவு செய்யப்பட்டது. பதிவை நெறிப்படுத்திய ரெட் நைஸ்லி சமையற்கலையும் பயின்று வந்தமையால், காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரையுமே வேலை நடந்ததாம். இத்துணைப் பெரிய முழக்கங்கள் காலை உணவு செரிக்குமுன் எழுந்தவை என்பது எனக்கு எப்பொழுதும் வியப்பளிக்கும்.

தொகுப்பில் 11 உருப்படிகள் உள. அவற்றுள் ஒன்று குரலற்ற வாத்திய இசை. எல்லாம் சேர்ந்து 35 நிமிடம். முதற்பாடல் தொடங்கும்போது யாதொன்றும் கேட்பதில்லை. பின்னர் கிற்றாரின் ஒலி தொலைவிலிருந்து வருவது போல மெல்ல எழுந்து, அடித்தந்தியும் மேளமும் வந்து சேர, பிச்சியோற்றோவின் குரல் நுழைகிறது. அக்குரல் மூக்கிற் பட்டு வரும் குரல். நீளும், வளையும், நெளியும், சொல்லின் நடுவே உடையும். ஒரு சொல்லை நேரே சொல்லி முடிக்க அவருக்கு மனமில்லை போலும். வலியுற்றவன் தன் வலியின் இடத்தைக் காட்ட முயன்று, காட்ட இயலாது திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது போன்றது அது.

இரண்டாவது பாடலிலே மக்காய் வருகிறார். இஃது முற்றிலும் வேறு குரல். ஒவ்வோர் எழுத்தும் தெளிவு. ஒவ்வோர் அசையும் மேளத்தின் அடியோடு சேர்ந்து விழும். வகுப்பறையின் பின்வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கவேண்டும் எனப் பேசும் ஆசிரியரின் குரலை ஒத்தது. 'றிப்பீற்றர்' என்னுஞ் சொல் ஒன்றையே மீண்டும் செய்பவனைக் குறிக்கும். தொடர்ந்து சுடும் துப்பாக்கிக்கும் அது பெயர். அக்காலத்தில் வாஷிங்டன் நகரம் போதைப்பொருள் வாணிபத்தாலும் கொலைகளாலும் அல்லற்பட்டுக் கொண்டிருந்தது. செத்தவர் பெயரெல்லாம் வெறும் எண்ணாகிப் போகும் ஓர் ஊரில் நின்றுகொண்டே மக்காய் அப்பாடலை முழங்குகிறார். அவர் பாடும் இன்னொரு பாடல் வாணிபப் பொருள்களைப் பற்றியது. மனிதனின் மதிப்பு அவன் வைத்திருக்கும் பண்டங்களில் இல்லை என்பது அதன் சாரம்.

இவ்வாறு ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி நேரே சொல்ல, மற்றவர் நெஞ்சைப் பிளந்து காட்ட, தொகுப்பு முழுவதும் இருவரும் மாறி மாறி வருகின்றனர். இதில் யான் கண்ட சிறப்பு யாதெனில், இருவருள் ஒருவரும் மற்றவரைப் போலப் பாட முயலவில்லை. குரல்களை இழைத்து ஒன்றாக்கும் முயற்சியும் இல்லை. மேனாட்டுத் தேவாலயப் பாடகர் குழுவில் பல குரல் கலந்து ஒரு குரலாகும். இங்கே இரு குரலும் இரண்டாகவே நிற்கின்றன. அவற்றை இணைப்பது கீழே ஓடும் தாளமே. லாலியின் அடித்தந்தி ஜமெய்க்கா நாட்டு இசையிற் பயின்ற நிதானம் உடையது. கன்ரியின் மேளம் அதனை ஒருபொழுதும் கைவிடுவதில்லை. மேலே எத்துணைப் புயல் வீசினும் கீழே நிலம் அசையாது.

இன்னொன்றும் கூறுவேன். பலமுறை கேட்பார்க்கு இவ்வேறுபாடும் எளிதன்று என்பது புலப்படும். நெளிந்து உடையும் குரலுடைய பிச்சியோற்றோ, நடுவே வரும் ஒரு பாடலில் மிக மெதுவாக, களைத்த ஒருவர் தமக்குத் தாமே பேசுவது போலத் தொடங்குகிறார். தெளிவும் கட்டுப்பாடும் உடைய மக்காய், இறுதிப் பாடலில், பூட்டிய கதவுக்கு அப்பால் போதைப்பொருளால் இறந்த ஓர் உயிரைப் பற்றிப் பாடும்போது, முணுமுணுப்பாய்த் தொடங்கி, இழப்பு உறுதியாகும் இடத்திற் குரல் முழுதும் உடைந்து அலறுகிறார். தொகுப்பு முழுவதும் கட்டிக்காத்த குரல் கடைசியில் உடைவதனாலேயே அவ்வலறல் நெஞ்சைத் தைக்கிறது. ஒவ்வொருவருள்ளும் மற்றவரின் குரல் உறங்குகிறது என்பதனை அவ்விடத்தே அறிந்தேன்.

இனி இவ்விசைத்தட்டு எனக்கு உறுதுணையாய் நின்றவாறு கூறுவேன். 1990 ஆம் ஆண்டில் யான் வாஷிங்டனை அடுத்த மேரிலாந்து மாநிலத்திலே பட்டமேற்படிப்பு மாணவனாக இருந்தேன். அவ்வாண்டு யூன் மாதத்தில் எம் நாட்டில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணத்திற்கு வரும் புகைவண்டி நின்றது, தொலைபேசி இல்லை, கடிதம் வருவது தெய்வச் செயல். செப்தெம்பர் மாதத்தில் ஒருநாள், எழுதி எட்டு வாரமான ஒரு கடிதம் என் தமக்கையாரிடமிருந்து வந்தது. எங்கள் ஐயா காலமாகிவிட்டார். தகனம் முடிந்து, எட்டும் முடிந்து, அந்தியேட்டிக்கு நாள் குறித்திருந்த வேளையில் எழுதிய கடிதம் அது. யான் படிக்கும்போது அந்தியேட்டியும் முடிந்திருக்கும். தலைமகனாகிய யான் வைக்கவேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான்.

அக்கா எதனையும் விடாது எழுதியிருந்தார். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தமையால் வந்தோர் சிலரே. ஆயினும் முற்றத்தில் உரலும் உலக்கையும் வைத்துச் சுண்ணம் இடிக்கப்பட்டது. எம் கல்லூரியில் ஐயாவுடன் ஒருங்கு கற்ற ஒரு பெரியவர் திருப்பொற்சுண்ணம் ஓதினார். அவர் ஓதிக்கொண்டிருந்தபோதே, அதே முற்றத்தில் மாமிமாரும் சின்னம்மாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழுதனர். வெளியே பறை ஒலித்தது.

இக்கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்நிய நாட்டில் ஒரு மாடிக் குடியிருப்பில் என்ன செய்வது? ஓதுவதற்கு எனக்குத் தெரியும். கல்லூரி கற்றுத் தந்தது. திருவாசகத்தை எடுத்து வைத்து மெல்லிய குரலில் ஓதினேன். ஓதி முடிந்தபின்னும் ஏதோ ஒன்று உள்ளே அடைத்துக்கொண்டு நின்றது. எம்முடைய குடும்பங்களில் ஒப்பாரி பெண்களுக்கு உரியது. ஆடவர் தோளிற் சால்வையைப் போட்டுக்கொண்டு மௌனமாக நிற்பர். எனக்காக அழுவதற்கு அங்கே மாமிமாரும் இல்லை, சின்னம்மாவும் இல்லை.

என் அறைத்தோழன் ஓர் அமெரிக்க இளைஞன். ஆறுதல் கூறத் தெரியாதவன், ஆயின் நல்லவன். எனக்குத் தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, தன் அறைக்குட் சென்று, சிறிது நேரத்தின் பின் ஓர் ஒலிநாடாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "எனக்கு மனம் சரியில்லாதபோது யான் கேட்பது இதனையே" என்று மட்டும் சொன்னான். அன்றிரவு அதனைக் காதிற் பொருத்திக் கேட்டேன். சொற்களிற் பாதி விளங்கவில்லை. ஆனால் ஒருவர் அளந்து சொல்ல, ஒருவர் அளவின்றிக் கதற, கீழே தாளம் நில்லாது நடக்க, அக்கா எழுதிய முற்றம் முழுவதும் என் காதுக்குள் வந்தது. ஓதுங் குரல், ஒப்பாரிக் குரல், பறை. இறுதிப் பாடலில் அளந்து சொன்னவரே கதறியபோது யானும் அழுதேன். ஐயா இறந்து ஒன்பது வாரத்தின் பின்னர் எனக்கு வந்த முதல் அழுகை அதுவே.

ஃபுகாஸிக்கும் திருப்பொற்சுண்ணத்திற்கும் உறவு கற்பிப்பது என் நோக்கமன்று. அவர்கள் எம் மரபை அறியார். அறிய வேண்டிய கடப்பாடும் அவர்க்கில்லை. யான் கூறுவது இவ்வளவே: துயரத்திற்கு ஒரு குரல் போதாது. அதனை எம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனாலன்றோ ஒரே முற்றத்தில் இரண்டு குரலுக்கும் இடம் விட்டனர். ஓதுபவர் அழுபவரை அடக்குவதில்லை. அழுபவர் ஓதுபவரை நிறுத்துவதில்லை. அந்நிய நாட்டு இளைஞர் நால்வர் தம் போக்கில் தேடி அதே ஒழுங்கைக் கண்டடைந்தனர் என்பதே எனக்கு வியப்பும் ஆறுதலும் ஆயிற்று.

அவர்களை ஒருமுறை நேரிலும் கண்டேன். 1991 ஜனவரி 12 ஆம் நாள், வளைகுடாப் போர் தொடங்கச் சில நாட்களே இருந்த வேளையில், பொசிற்றிவ் ஃபோர்ஸ் என்னும் இளைஞர் அமைப்பினர் ஒழுங்கு செய்த எதிர்ப்புக் கூட்டத்தில், வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள லஃபயற் பூங்காவில் அவர்கள் பாடினர். கடுங்குளிர். பாடுவோர் வாயிலிருந்து சொல்லோடு புகையும் வந்தது. போரில் ஒரு நாட்டைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த யான், இன்னொரு நாட்டுக்குப் போர் வேண்டாம் எனக் கத்தும் கூட்டத்தின் நடுவே நின்றேன். யாரும் என்னை யாரென வினவவில்லை. அவ்விடத்தில் மட்டும் அந்நியன் என்னும் எண்ணம் எனக்கு எழவில்லை.

இக்குழுவினரின் நடைமுறை பற்றியும் மாணவர்க்குச் சில கூறல் தகும். அவர்கள் நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் 5 டொலரே கட்டணம் வாங்கினர். மது விற்கும் இடங்களில் இளையோர் புக இயலாதாகையால், எல்லா வயதினரும் வரத்தக்க இடங்களையே நாடினர். தேவாலய மண்டபங்களிலும் பாடசாலை மண்டபங்களிலும் பாடினர். 1988 இல் பிலடெல்பியாவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பிச்சியோற்றோ கூடைப்பந்து வளையத்திலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடிய காட்சி, ஜெம் கோஹென் எடுத்து 1999 இல் வெளிவந்த திரைப்படத்தில் உண்டு. (இதனை எம் மாணவர் பின்பற்றலாகாது, வளையம் கல்லூரிச் சொத்து.) தம் பெயர் பொறித்த சட்டைகளை அவர்கள் விற்கவில்லை. இசைத்தட்டின் விலையை உறையிலேயே அச்சிட்டு, கடைக்காரர் மிகுதியாக வாங்காதவாறு காத்தனர். பெருங் கொம்பனிகள் விரும்பி அழைத்தும் தம் சிறு நிறுவனத்தை விட்டு நீங்கவில்லை.

கூட்டத்தில் முரடர் சிலர் பிறரைத் தாக்கினால் பாட்டு நிற்கும். மக்காய் ஒலிவாங்கியில் அவர்களை மரியாதையாக விளித்து, அடங்குமாறு வேண்டுவார். அடங்காதவரிடம் 5 டொலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவர். இத்துணைப் பெருஞ் சினத்தைப் பாடுவோர், அச்சினம் எவரையும் காயப்படுத்தாதவாறு காவல் செய்தனர். ஒழுக்கம் என்பது குரலைத் தாழ்த்துவது மட்டுமன்று. உயர்த்திய குரலுக்குப் பொறுப்பேற்பதும் ஒழுக்கமே.

2002 நவம்பரில் இலண்டனில் பாடிய பின்னர் அக்குழு மேடையேறுவதை நிறுத்திக்கொண்டது. சண்டையிட்டுப் பிரிந்தாரல்லர், குடும்பமும் வேறு கடமைகளும் அழைத்தன. தம் நிகழ்ச்சிகளுள் 800க்கு மேற்பட்டவற்றை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தவர்கள், 2011 முதல் அவற்றை ஒவ்வொன்றாக வெளியிட்டனர். பிழைபட்ட இடங்களும், சனங்களுடன் நடந்த வாக்குவாதங்களும் நீக்கப்படாமல் அப்படியே கிடைக்கின்றன. தம் வரலாற்றைத் தாமே வைத்திருப்போர்க்கு இதுவும் ஒரு நல்ல மாதிரி.

இனித் தொடக்கத்திற் கூறிய வினாவுக்கு வருவேன். தேவாரம் ஒலிக்கும் கல்லூரியில் இக்கூச்சலுக்கு என்ன இடம்? யான் கூறும் விடை இது. எம் கல்லூரி எமக்கு ஓதுங் குரலைத் தந்தது. அஃது அரிய செல்வம். ஐயாவின் பெட்டியருகே ஓதிய பெரியவர்க்கும் அதனைத் தந்தது இக்கல்லூரியே. ஆயினும் எம் பிள்ளைகள் கடந்த தலைமுறைகளிற் கண்டவை ஓதுங் குரலால் மட்டும் சொல்லி முடியத்தக்கன அல்ல. வீடிழந்தவரும் உறவிழந்தவரும் இவ்வகுப்பறைகளில் இருந்து படித்தனர். அவர்களுட் பலர் தோளிற் சால்வையில்லாத ஆடவரைப் போல மௌனமாகவே வளர்ந்தனர். இன்று ஒரு மாணவன் தன் அறையிற் கதவைச் சாத்திக்கொண்டு பெருஞ் சத்தமாக எதனையோ கேட்பானாயின், பெற்றோரும் ஆசிரியரும் அதனை உடனே நிறுத்தச் சொல்லற்க. ஒருகால் அவனுக்கு வேண்டிய ஒப்பாரி அதனுள் இருத்தல் கூடும். கதவைத் தட்டி, உள்ளே சென்று, அருகில் இருந்து ஒரு பாட்டையேனும் கேட்டுப் பார்க்க.

மாணவர்க்கும் ஒரு சொல். உங்கள் குரல் கதறுங் குரலாயின், ஓதுங் குரலை இகழற்க. ஒருநாள் அது வேண்டியிருக்கும். அன்று கற்றுக்கொள்ள நேரம் இராது. இரண்டையும் தாங்கத்தக்க தாளம் ஒன்றை இளமையிலேயே தேடிக்கொள்க. அது நட்பாக இருக்கலாம், கடமையாக இருக்கலாம், கல்வியாக இருக்கலாம். மேலே எக்குரல் எழுந்தாலும் கீழே அது நிற்றல் வேண்டும்.

யூபிலி காணும் கல்லூரி அன்னை, தன் மக்கள் ஓதும் குரலையும் அழும் குரலையும் ஒரே செவியால் கேட்டருளி நீடு வாழ்வாளாக.